தரைப்பலகையில் ஒரு விரல் ஓட்டை

“என்னால யாரையும் நம்ப முடியலம்மா” என்றார் ஆவுடையப்பன்.

“என்னைய?” என்று கேட்டார் தெக்லா அம்மாள்.

“உங்களையும்தான்.”

“அப்பம் சரி. உள்ள வாங்க.”

ஆவுடையப்பன் சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்துக்கு வருகிற படகுகளின் தரையைப் பெயர்த்துப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகமாக இருந்தது. உத்தியோகம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று நினைப்பார். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்று நினைப்பார்.

தெக்லா அம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். பழைய துறைமுகத்தின் ஓரத்தில் கட்டிப்போட்டிருந்த ஒரு மரப் பாய்மரப் படகிலேயே குடியிருந்தார். மனக்குறையோடு வருகிறவர்களுக்கு உபதேசம் செய்ய மாட்டார். படகில் ஏதாவது வேலை கொடுப்பார். வேலை கொடுத்து ஞானம் தருகிறாரா, ஞானம் என்று சொல்லி வேலை வாங்குகிறாரா என்று ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு.

ஆவுடையப்பன் இரண்டாவது கட்சி. வேறு போக்கிடம் இல்லாமல்தான் வந்தார்.

“என்ன நடந்துச்சு அண்ணாச்சி?”

“மருமகன் தலைதீபாவளிக்கு வந்தாரு. அவரு குளிக்கப் போன நேரம் பாத்து அவரு பையத் தொறந்துட்டேன்.”

“உள்ள என்ன இருந்துச்சு?”

“சட்டை, துண்டு. எனக்கு ஒரு வேட்டி.”

“உங்களுக்கா?”

“எனக்குக் கொடுக்கதுக்கு வாங்கிட்டு வந்திருக்காரு. துண்ட மறந்துட்டுப் போனவரு, எடுக்க வந்துட்டாரு. உடம்பெல்லாம் சோப்பு. பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் அந்த வேட்டியக் கையில கொடுத்தாரு. ‘இதுக்குப் பதிலா என்ன கேக்கப் போறிய’ன்னு நான் கேட்டுட்டேன்.”

“அவரு என்ன கேட்டாரு?”

“இன்னும் கேக்கல.”

தெக்லா அம்மாள் சிரிக்கவில்லை. அடக்குவதற்குக் கஷ்டப்பட்டிருப்பார்.

“இப்பம் மக வடிவு மாசமா இருக்கா. தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரமாட்டேங்கா. ‘எங்க வீட்டுக்காரர் பையத் தொறந்தவரு நாளைக்கு எம் பெட்டியத் தொறப்பாரு. அங்க வந்து நான் பிள்ளை பெத்துக்கிட மாட்டேன்’னு சொல்லிட்டா. எம் பொஞ்சாதி சோறு போடுதா, பேச மாட்டேங்கா.”

அவர் பொது இடத்தில் அழாதவர். படகு பொது இடமா இல்லையா என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“நான் திருந்தணும்மா. பிள்ளை பெறக்கதுக்கு முன்ன.”

தெக்லா அம்மாள் குதிகாலால் தரையைத் தட்டினார். பலகை சொத சொத என்றது. ஓரமெல்லாம் ஊறி உப்பிக் கறுத்திருந்தது. நடுவில் கால் வைத்தால் அமுங்கியது.

“கேபின் தரை போயிட்டு. புதுசா போட்டுத் தாங்க.”

‘தச்சன் கூலி மிச்சம்’ என்று நினைத்துக்கொண்டே ஆவுடையப்பன் சட்டையைக் கழற்றினார்.

*

பழைய பலகைகளை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு பலகையிலும் ஒரு ஓட்டை. சரியாக ஒரு விரல் நுழைகிற அளவு.

“இது எதுக்கு?”

“விரல் விட.”

“விரல் விட்டு?”

“பலகையத் தூக்க.”

“தூக்கி?”

“அடியில என்ன இருக்குன்னு பாக்க.”

அவருடைய அனுபவத்தில் எந்தக் கடத்தல்காரனும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது கிடையாது. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

தூக்கினார். அடியில் வரிசையாகக் கறுப்புக் கட்டிகள்.

ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

“இது என்ன?”

“ஈயம். படகு கவுந்துராம இருக்கதுக்குப் பாரம்.”

தெக்லா அம்மாள் மீன் வாங்கக் கரைக்குப் போனார். ஆவுடையப்பன் இடுப்பில் கைவிட்டு, அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்தார். அதன் முனையால் ஒரு கட்டியைச் சுரண்டினார். வெள்ளையாக ஈயம் தெரிந்தது. அடுத்ததைச் சுரண்டினார். அதுவும் ஈயம். மஞ்சளாக ஏதாவது தெரியாதா என்று கடைசிக் கட்டி வரைக்கும் போனார்.

தெக்லா அம்மாள் திரும்பி வந்து கட்டிகளைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் பாத்துட்டீயளா? ஒண்ண விட்டாலும் உங்களுக்குச் சோறு எறங்காதே.”

ஆவுடையப்பன் சாவியை இடுப்பில் செருகப் பார்த்தார்.

“அது என்ன சாவி அண்ணாச்சி?”

“எம் பீரோ சாவி.”

“வீட்டுல யாரு தொறப்பா?”

“நான் மட்டும்தான். வேற யாரும் தொட்டது கெடயாது” என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தெக்லா அம்மாள் மீனைக் கழுவப் போய்விட்டார்.

*

“பழைய பலகையப் புதுப் பலகை மேல வச்சு, சுத்திக் கோடு போட்டு அறுங்க” என்று சொல்லியிருந்தார் தெக்லா அம்மாள்.

பழைய பலகை கோணல்மாணலாக இருந்தது. எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்துக்கும் நேராக இல்லை. அதை நம்பி எப்படி அறுப்பது? ஆவுடையப்பன் கடைக்குப் போய் அளக்கிற டேப்பும் சமமட்டம் பார்க்கிற ரசமட்டமும் வாங்கி வந்தார்.

ரசமட்டத்தைப் பலகை உட்காரும் சட்டத்தின் மேல் வைத்தார். குமிழி நடுவுக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டை போட்டு மாற்றி வந்தார். புதுக் குமிழியும் அதே ஆட்டம் ஆடியது.

“மெதக்குத படகுல ரசமட்டம் எப்படி நிக்கும் அண்ணாச்சி?”

அவர் ரசமட்டத்தை ஓரமாக வைத்தார். டேப்பால் அளந்து, பளிச்சென்று நேர்கோட்டில் அறுத்தார். ஒரு பலகைகூட உட்காரவில்லை. படகின் விலாச் சட்டம் எங்கேயும் நேராக இல்லையே, பலகை எப்படி உட்காரும்? வேறு மரம் வாங்கி, பழைய பலகையை மேலே வைத்துக் கோடு போட்டு அறுத்தார். எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு உட்கார்ந்தன.

அன்றைக்கு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஞானம் வந்துவிட்டது என்றே நினைத்தார்.

ஓட்டை இருப்பதால்தானே விரல் போகிறது? விரல் போவதால்தானே பார்க்கத் தோன்றுகிறது?

பலகைகளில் ஒரு ஓட்டையும் போடவில்லை. சாணுக்கு ஒரு திருகாணி இறக்கினார். இடுக்கெல்லாம் பசை அடைத்தார். மேலே வார்னிஷ் பூசினார். முகம் பார்க்கலாம் போலிருந்தது.

“இனிமே இதுக்கு அடியில யாராலயும் பாக்க முடியாதும்மா” என்றார். “என்னாலயும் முடியாது. திருந்திட்டேன்.”

தெக்லா அம்மாள் குனிந்து, ஓட்டை இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“நல்லா மினுங்குது” என்றார்.

*

வார்னிஷ் காய்ந்து இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் பார்க்க வந்தார் ஆவுடையப்பன். கேபினுக்குள் கால் வைத்ததும் பாதம் நனைந்தது. பசை அடைத்த இடுக்குகளைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்திருந்தது. வார்னிஷ் வெள்ளை பூத்துவிட்டது.

தெக்லா அம்மாள் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பனுக்கு முதலில் தோன்றியது, இவளே ஊற்றியிருப்பாளோ என்பதுதான். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பு.

“தண்ணி எங்கேருந்து வந்துச்சு?”

“கடல்லேருந்து.”

“யாரு ஓட்ட போட்டா?”

“யாரும் போடல. மரப்படகு அண்ணாச்சி. கசியத்தான் செய்யும்.”

தெக்லா அம்மாள் பெஞ்சுக்கு அடியில் இருந்து ஒரு சின்னக் கடப்பாரையை எடுத்து நீட்டினார். அது தயாராகவே இருந்தது.

ஆவுடையப்பன் தான் இறக்கிய திருகாணிகளோடு மல்லுக்கட்டினார். துருவேறியவை சுற்றிக்கொண்டே இருந்தன, வெளியே வரவில்லை. கடைசியில் இரண்டு பலகைகளை உடைத்தார். தான் செய்ததைத் தானே உடைக்கும்போது அவருக்கு அழுகையாக வந்தது. அடியில் ஈயக் கட்டிகள் முழுக்க மூழ்கியிருந்தன. முதுகு ஒடிய வாளி வாளியாக இறைத்தார்.

இறைத்து முடித்ததும் கோபமாகக் கேட்டார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நம்பியிருப்பீயளா?”

அவர் பழைய பலகையைத் தேடி எடுத்தார்.

உடைந்த பலகைகளுக்குப் பதிலாக வேறு அறுத்தார். இந்தத் தடவை எல்லாப் பலகையிலும் ஓட்டை போட்டார். திருகாணி இல்லாமல் சும்மா எடுத்து வைத்தார்.

மறுநாள் காலையில் தெக்லா அம்மாள் அந்த ஓட்டையில் விரல் விட்டுப் பலகையைத் தூக்கினார். கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. குவளையால் மொண்டு வாளியில் ஊற்றினார். துணியால் ஒற்றினார். பலகையை மூடினார். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே காப்பி போடப் போனார்.

ஆவுடையப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“தெனமும் இப்படித்தானா?”

“தெனமும்.”

“யாரு மேலயும் சந்தேகம் இல்லாமயா தெனமும் தொறந்து பாக்கிய?”

“காலையில பல்லு வெளக்குதீயளே, யாரு மேல சந்தேகம்?”

அவர் விடவில்லை.

“நான் தொறந்தா தப்பு. நீங்க தொறந்தா மட்டும் ஞானமா?”

தெக்லா அம்மாள் காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

“இது எம் படகு அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் காப்பியைக் குடிக்கவில்லை. அவர் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கரையில் இறங்கி நடந்தார்.

*

வீட்டுக்குப் போனதும் பீரோவை இரண்டு கதவும் விரியத் திறந்தார்.

சத்தம் கேட்டு அவருடைய மனைவி உலகம்மாள் அடுப்படியில் இருந்து வந்தாள். கல்யாணம் ஆனதில் இருந்து அவள் பார்க்காத இடம் அது. உள்ளே புழுங்கிய வாசம். பல வருஷங்களாக யார் யாரோ அன்போடு கொடுத்த பொருட்கள்: மச்சினன் கொடுத்த பேனா, தங்கச்சி கொடுத்த சட்டைத்துணி, வடிவு முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கைக்கடிகாரம். ஒன்றையும் அவர் தொட்டது கிடையாது. எதைக் கொடுத்தால் எதைக் கேட்பார்களோ என்று பூட்டி வைத்தவை. எல்லாவற்றுக்கும் மேலே, மடிப்புக் கலையாமல், மருமகனின் வேட்டி.

“இவ்வளவுதானா?” என்றாள் உலகம்மாள். அவரோடு பேசுவதில்லை என்பது அவளுக்கு மறந்துவிட்டது. “நான் வேற என்னமோ இருக்குன்னுல்லா நெனச்சேன்.”

“என்ன நெனச்ச?”

“அத விடுங்க.”

ஆவுடையப்பன் வேட்டியைப் பிரித்துக் கட்டிக்கொண்டார்.

“கெளம்பு. வடிவு வீட்டுக்குப் போவோம்.”

சாவியைப் பீரோவிலேயே விட்டுவிட்டார்.

*

மருமகன்தான் கதவைத் திறந்தார். அவர் பார்வை மாமனாரின் வேட்டிக்குப் போனது. மடிப்புத் தடங்கள் இன்னும் போகவில்லை.

“வாங்க மாமா. வாங்க அத்த.”

“தலைப்பிரசவத்துக்குக் கூப்பிட வந்திருக்கோம்” என்றார் ஆவுடையப்பன். “அன்னைக்கு உங்க பையத் தொறந்தது தப்பு மாப்ள. வேட்டிய வாங்கிட்டுக் கேட்டது அதவிடத் தப்பு.”

மருமகன் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். நம்பவில்லை. அவர் மகள்தானே.

உள்ளே போனவள் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அவர் காலடியில் நிறுத்தினாள். கையில் சின்னப் பூட்டு.

“இப்பவே சொல்லிருங்க. இதப் பூட்டிக் கொண்டு வரணுமா, பூட்டாமக் கொண்டு வரலாமா?”

உலகம்மாள் அவரைப் பார்த்தாள். மருமகனும் அவரைப் பார்த்தார்.

“அது ஒம் பெட்டிம்மா” என்றார் ஆவுடையப்பன்.