சவ்யசாசிப் பட்டம்

எங்கள் மடத்தில் ஏடு படியெடுக்கிறவர்கள் ஐந்து பேர். நாலு பேருக்கு இடது கட்டைவிரல் நகத்தில் மட்டும்தான் எழுத்தாணி உட்காரும் பள்ளம் இருக்கும். பிறவிப்பெருமாளுக்கு இரண்டு நகத்திலும் இருக்கும். வலது கை ஓய்ந்தால் எழுத்தாணியை இடது கைக்கு மாற்றிக்கொள்வான். எழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. எங்களுக்கு வயிற்றெரிச்சல்தான், பொய் சொல்வானேன்?

கரையான் ஏறிய பழைய ஏடுகளை மழைக்கு முன்னால் எழுதி முடித்தாக வேண்டும். மடத்துச் சாமி ஒருநாள் அவனைச் சபையில் நிறுத்தினார். "அர்ச்சுனன் இரண்டு கையாலும் அம்பு விட்டான். அதனால் சவ்யசாசி. இனி நீயும் சவ்யசாசி" என்றார். அன்றிலிருந்து யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

கை வலித்தால் நாங்கள் எழுந்து வீட்டைப் பார்க்கப் போய்விடுவோம். அவனுக்குத்தான் வலிக்காதே. ஆறு வயசு மகள் ஆவுடை மத்தியானமானால் மடத்து வாசலில் வந்து நிற்பாள்.

"அப்பா, இன்னும் கை வலிக்கலையா?"

"இல்லை தாயி" என்று சிரிப்பான்.

புரட்டாசியில் ஆவுடைக்குக் காய்ச்சல் கண்டது. பெண்டாட்டி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். "இந்த ஏட்டுக்கட்டு முடியட்டும், வாரேன்" என்றான். மூன்றாவது தடவை வந்தவர் அவனைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

அடக்கம் செய்த மறுநாள் காலையிலேயே வந்து எழுத உட்கார்ந்துவிட்டான். பாவி, எப்படித்தான் மனசு வந்ததோ! சாமி வந்து அவன் முன்னால் நின்றார்.

"வீட்டில் யார் இருக்கா?"

"அவ இருக்கா சாமி. அழுதுக்கிட்டே இருக்கா."

"நீ?"

"எனக்கு வேலை இருக்கு."

கொஞ்ச நேரம் எழுதினான். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"சாமி, நீங்க குடுத்த பட்டத்துக்கு என்ன அர்த்தம்?"

"உனக்குத் தெரியாததா?"

"தெரியும்னுதான் நினைச்சேன். ஆவுடை கேட்டா. ரெண்டு கையாலயும் வேலை செய்யறவன்னு சொன்னேன். 'அப்போ என்னை எந்தக் கையால தூக்குவே?'ன்னா. நான் சிரிச்சுட்டு அடுத்த ஏட்டை எடுத்துட்டேன். அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்கணும் சாமி?"

சாமி அவன் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அவன் கையிலிருந்த எழுத்தாணியை வாங்கினார். ஏட்டையும் வாங்கிக் கீழே வைத்தார்.

"வீட்டுக்குப் போ. அவகூட உட்கார்ந்து அழு."

"மழை வந்துரும் சாமி. எல்லாம் பாதியில நின்னு போகும்."

"போகட்டும்" என்றார் சாமி. "எழுந்து போடான்னு அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டியவன் நான். பட்டம் குடுத்து உட்கார வச்சுட்டேன்."