ராஜாவின் மூன்று கம்பளி

மார்கழி பிறந்தும் ராஜா மலையை விட்டு இறங்கவில்லை. அதுதான் கோளாறு.

செவ்வேள் பூபதி கடற்கரைச் சீமை ராஜா. கோடை வெயிலுக்குப் பயந்து மலை அரண்மனைக்கு வந்தார். சரி. மழை வந்தது, போனது. பனி வந்தது. அவர் அசையவில்லை. ஏன் அசைவார்? உடம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கம்பளி.

சபைக்காரர்கள் பாடு வேறு. ராஜா முன்னால் தோளை மூடக்கூடாது. மேல்துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும். சீமை வழக்கம். வெயில் ஊரில் உண்டாக்கின வழக்கம். மலையில் அது ஆளைக் கொன்றது.

முதலில் நோயில் படுக்கப் போகிறவர் கட்டியங்காரர் குன்றாண்டார். வயசாளி. ராஜா வரும்போது அவர் பட்டமும் புகழும் சொல்லிக் கூவுகிறவர். இப்போது கூவினால் இருமல்தான் வந்தது. இன்னும் நாலு நாள் இப்படி நின்றால் ஆள் தேறமாட்டார் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

வெண்காடன் சபையில் வாய்த்துடுக்கான ஆள். அவனுக்கும் குளிர் ஆகாது. சபை வழக்கங்களைக் காக்கும் அதிகாரி ஆவுடையப்பரிடம் போனான்.

"ஐயா, குன்றாண்டார் மட்டும் போர்த்திக்கொள்ளட்டும்."

"வழக்கம் வழக்கம்தான்," என்றார் ஆவுடையப்பர். அவருக்கே உதடு நீலம்.

ராஜாவிடம் போனான்.

"குளிரா? எனக்கு ஒன்றும் தெரியலையே!" என்றார் ராஜா.

வெண்காடன் யோசித்தான். இன்னொரு வழக்கமும் இருந்தது. ராஜா யாரையாவது பார்த்து "பலே" என்று சொல்லிவிட்டால், தன் மேலே இருக்கும் போர்வையை அங்கேயே எடுத்து அவருக்குப் போர்த்த வேண்டும். ராஜா போர்த்தியதைச் சபையில் எடுக்கக்கூடாது. ஊரில் அது மெல்லிசுப் பட்டு. போனால் போகிறது. மலைக்கு வந்தபின் யாரும் பலே வாங்கவில்லை. பல் அடித்துக்கொண்டால் வாய் எப்படிப் பேசும்?

மறுநாள் குன்றாண்டார் காதில் எதையோ ஓதினான்.

கிழவர் இருமலை விழுங்கிக்கொண்டு கூவினார்: "பகையை வெல்ல வாள் வேண்டும்! குளிரை வெல்ல எங்கள் ராஜாவுக்கு வெறும் மார்பே போதும்!"

"பலே!" என்றார் ராஜா.

சபை ஆவுடையப்பரைப் பார்த்தது. அவர் தொண்டையைக் கனைத்தார். "வழக்கம்தான், மகாராஜா."

முதல் கம்பளி கிழவர் தோளுக்குப் போனது.

வெண்காடன் முன்னே வந்தான். "மகாராஜா, நாங்கள் குளிரில் நடுங்குவதாகச் சிலர் சொல்கிறார்கள். பொய். மலை உங்களைக் கண்டு நடுங்குகிறது. அதன்மேல் நிற்கிறோமே, நாங்களும் ஆடுகிறோம்."

"பலே, பலே!"

இரண்டாவது போனது.

ஆவுடையப்பர் பார்த்தார். இரண்டு பேர் கதகதப்பாக நிற்கிறார்கள். மிச்சம் ஒன்றுதான். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. "அக்கினி பகவானே மகாராஜா பக்கத்தில் வந்துதான் குளிர் காய்கிறார்!" என்று கத்தினார்.

"பலே!" ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான்.

மூன்றாவதும் போனது. அந்த நேரம் பார்த்து வாசல் வழியாகப் பனிக்காற்று நுழைந்தது. வேறு கம்பளி எடுக்க ஆள் ஓடினான். அவன் வருவதற்குள் ராஜாவின் பல் தாளம் போட்டது.

"வெ... வெண்காடா, எப்போதிலிருந்து இப்படிக் குளிர்கிறது?"

"உங்கள் கம்பளி போனதிலிருந்து, மகாராஜா."

ராஜா முறைத்தார். கிழவரைப் பார்த்தார். வரிசையாக நடுங்கும் தோள்களைப் பார்த்தார். சிரித்துவிட்டார். நடுக்கத்தோடு சிரித்ததில் கிரீடம் சரிந்தது.

"மூட்டை கட்டுங்கள்! மத்தியானமே இறங்குகிறோம். ஊர் போய்ச் சேரும்வரை எல்லாரும் போர்த்திக்கொள்ளுங்கள். வெண்காடா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கு எதற்கு மகாராஜா? நானும் கிழவரும் ஆளுக்கு ஒன்றுதான் உருவினோம். அப்போதும் உங்களுக்குக் குளிரவில்லை. கடைசிக் கம்பளியை உருவி எங்களையெல்லாம் காப்பாற்றியவர், அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறாரே, ஆவுடையப்பர்!"