கேள்விக்குச் சைகை இல்லை

"ஏனுங்க அம்மிணி, எம் பொண்ணு எங்கிட்ட ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா?"

ஜெசிந்தா சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுகிறவள். மீன் கடிக்குமா என்று கேட்பார்கள். போட்டோ எடுத்துத் தருவீர்களா என்று கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியோடு யாரும் வந்ததில்லை.

கேட்டவர் கரூர் தில்லைநாயகி. ஜெசிந்தாவுக்கு அம்மா வயது. மகள் அகல்யா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அரை வருஷம் ஆகிறது. ஏன் விட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. இந்தத் தீவுக்குக் கூட்டிவந்தாலாவது வாய் திறப்பாள் என்று நம்பி வந்திருந்தார்.

"நீங்க என்னக்கா கேட்டீங்க?"

"என்ன கேக்கலைன்னு கேளுங்க."

உண்மைதான். பனானா போட்டில் ஏறும்போது கேட்டார். கண்ணாடித் தரை போட்ட படகில் பவளப்பாறை பார்க்கும்போதும் கேட்டார். மகள் பாராசூட்டில் பறந்து இறங்கி, கால் மணலில் படுவதற்குள் கேட்டார். எல்லாவற்றுக்கும் அகல்யாவின் பதில் "ம்".

"நாளைக்கு அவ கடலுக்குள்ள போறா. நீங்களும் கூட வாங்க."

"நானா? எனக்கு நீச்சலே தெரியாதுங்களே."

"நீச்சல் வேண்டாம்க்கா. வாய்ல இந்தக் குழாயக் கடிச்சுக்கிட்டு மூச்சு விட்டாப் போதும். உங்கள நான் பிடிச்சிருப்பேன்."

மறுநாள் காலை, இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி. அடியில் பேச முடியாது என்பதால் ஜெசிந்தா சைகைகளைக் காட்டினாள். நல்லா இருக்கேன். ஏதோ சரியில்ல. மேல போகணும்.

"ஏதாச்சும் கேக்கோணும்னா?"

"அதுக்குச் சைகை நான் சொல்லிக் குடுக்கிறதில்ல."

இருவரும் தண்ணீருக்குள் மண்டியிட்டார்கள். கோடு போட்ட மீன் ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்றது.

தில்லைநாயகி வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு, அது என்ன மீன் என்று கேட்டார்.

ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. ஜெசிந்தா அவரைத் தூக்கி நிறுத்தினாள். இருமி முடிக்கும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"என்ன கேக்க வந்தீங்க?"

"அது என்ன மீனுன்னு..."

"மீன் இருக்கா?"

தில்லைநாயகி குனிந்து பார்த்தார். "இல்லீங்க."

போதும், கரையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்ல வந்தார். தூரத்தில் படகில் அகல்யா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லைநாயகி குழாயை எடுத்துத் தாமாகவே வாயில் கடித்துக்கொண்டார்.

படகு பவளப்பாறைக்கு மேலே போய் நின்றது. மூவரும் இறங்கினார்கள். தில்லைநாயகியின் முதுகில் மாட்டியிருந்த காற்றுச் சிலிண்டரைப் பின்னாலிருந்து ஜெசிந்தா பிடித்திருந்தாள். பக்கத்தில் அகல்யா வந்தாள்.

கீழே போனதும் அகல்யா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு கல்லைக் காட்டினாள்.

வெறும் கல். அதில் என்ன இருக்கிறது? கேட்க வாய் துடித்தது, வாயிலோ குழாய். வேறு வழியில்லாமல் தில்லைநாயகி பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூச்சை இழுத்தார். விட்டார். குமிழிகள் மேலே போயின. அகல்யா காட்டிய விரலை எடுக்கவில்லை.

கல் ஒரு கண்ணைத் திறந்தது.

பிறகு கல்லின் ஓரம் மெல்ல நெகிழ்ந்து ஒரு கையாயிற்று. அப்புறம் இன்னொரு கை. பழுப்பாக இருந்தது சிவப்பாகி, எட்டுக் கைகளையும் கூட்டிக்கொண்டு மணலில் நடந்து போனது.

தில்லைநாயகி திரும்பிப் பார்த்தார். அகல்யா ஆக்டோபஸைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே வந்து படகில் ஏறி உட்கார்ந்தார்கள். சிலிண்டரைக் கழற்ற ஜெசிந்தா கை நீட்டினாள். தில்லைநாயகி வேண்டாம் என்று தலையசைத்தார். குழாய் வாயிலேயே இருந்தது.

"எனக்கும் மொதல்ல கல்லாத்தான் தெரிஞ்சுதும்மா" என்றாள் அகல்யா.

அம்மா தலையாட்டினார். புஸ்ஸென்று மூச்சு வந்து போனது.

அகல்யாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துக் கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கு அந்த வேலை வரலம்மா. தெனமும் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து உக்காருவேன். உங்கிட்ட சொன்னா நீ ஒடஞ்சு போயிருவியோன்னு..."

தில்லைநாயகியின் கண்கள் நிறைந்தன. யார் என்ன சொன்னார்கள், என்றைக்கு, ஏன் போன் செய்யவில்லை, சாப்பிட்டாயா இல்லையா, அத்தனையும் தொண்டைவரை வந்தன. பல்லால் ரப்பரை இறுகக் கடித்தார். மகளின் ஈரக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அகல்யா மேலே சொல்லிக்கொண்டு போனாள்.

படகோட்டி என்ஜினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் கிசுகிசுத்தான். "அந்தம்மாவ அதக் கழட்டச் சொல்லுங்க, கெளம்பலாம்."

ஜெசிந்தா கயிற்றிலிருந்து அவன் கையை எடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும். சிலிண்டர்ல இன்னும் காத்து இருக்கு."