முப்பத்திமூன்றாம் பக்கம்

"இதுவும் குப்பை."

அருளானந்தம் புத்தகத்தை மேசையில் போட்டார். வைத்தார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் போட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் குரு உட்கார்ந்திருந்தார்.

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இந்தக் குருவின் பெயர் ஜெமீலா. வயது நாற்பத்தொன்று. திருச்சியில் வாடகை நூல்நிலையம் நடத்துகிறார். சீடருக்கு அறுபத்தொன்பது. ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்துக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

ஜெமீலா ஒரு பழைய நாவலுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத்தனை பக்கம் படிச்சீங்க?"

"முப்பது."

"போன வாரம்?"

"அதுவும் முப்பது தாண்டல. ஏம்மா, இந்த ஸ்வீடன், நார்வே கொலைக் கதையில நல்லதை எப்படித்தாம்மா பார்த்து எடுக்கறது? அதை மட்டும் சொல்லு, நான் போயிடறேன்."

"இப்ப எப்படி எடுக்கறீங்க?"

"முதல் தடவை அட்டையைப் பார்த்தேன். பனி, ஒரு வீடு, வீட்டுல ஒரே ஒரு விளக்கு. நல்லா இருக்கேன்னு எடுத்துட்டுப் போனேன். எல்லா அட்டையும் அதேதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அடுத்த தடவை பின்னட்டையைப் படிச்சேன். இதை மாதிரி உலகத்துலயே கிடையாதுன்னு போட்டிருந்தான். பக்கத்துல இருந்த புஸ்தகத்துலயும் அதையேதான் போட்டிருக்கான். மூணாவது தடவை, பிணம் எத்தனைன்னு பார்த்து எடுத்தேன்."

"எத்தனை?"

"ஏழு. ஒண்ணுகூட உருப்படி இல்ல."

"இது?"

"கண்ணை மூடிட்டு எடுத்தேன்."

ஜெமீலா உறையின் ஓரத்தைக் கத்தரித்தார்.

"துப்பறியறவன் எல்லாத்துலயும் ஒரே ஆளும்மா. பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. மக பேசமாட்டா. குடிப்பான், தூங்கமாட்டான். ஊர்ப் பேரு ஒண்ணும் வாயில நுழையல. அங்க முப்பது பக்கமா பனி கொட்டுது, இங்க ஃபேனைப் போட்டா அனல் கொட்டுது."

"பிடிக்கலேன்னா ஏன் சார் படிக்கறீங்க? சரித்திரம் இருக்கு. சமையல் இருக்கு. ஆளை விடுங்க."

சீடர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"எனக்காகவா படிக்கறேன்? அவளுக்காகம்மா."

அவள் என்றால் அவர் மனைவி, சலேத்மேரி டீச்சர். அருளானந்தம் நிதானமாகப் படிப்பவர். மாதத்துக்கு ஒரு புத்தகம் போதும். ஏழு வருடமாக அந்த ஒன்றை இங்கிருந்து எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்தது டீச்சர்தான். ஒன்றுகூடச் சோடை போனதில்லை. சர்க்கரை நோய் பிப்ரவரியில் டீச்சரின் இரண்டு கண்களையும் முடித்துவிட்டது. பார்வை இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இனிமே நான் படிச்சுக் காட்டறேன்னு சொன்னேன். சரின்னா. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காபி குடிச்சிட்டு உட்காருவோம். முப்பது பக்கம் தாண்ட விடமாட்டேங்கறா. 'நல்லாத்தான் இருக்கு, போதும்ங்க'ன்னுடறா. நாலு புஸ்தகமும் இப்படியே போச்சு. இங்கிலீஷ் டீச்சராச்சே, என் உச்சரிப்புதான் பொறுக்கலையோன்னு நெனச்சேன்."

"அதுவும் இருக்கலாம்."

"விளையாடாதம்மா. சாப்பாட்டையும் பாதியில போதும்ங்கறா. அவளுக்கு எல்லாமே விட்டுப்போச்சு. எனக்குப் பயமா இருக்கு."

ஜெமீலாவின் கத்தரிக்கோல் நின்றது.

"ஒரே ஒரு நல்ல புஸ்தகம் கிடைச்சா போதும். உட்கார்ந்து கேப்பா. அவ எப்படித்தான் எடுத்தாளோ! உள்ள வருவா, கையில கிடைச்சதை எடுப்பா, போவா. அவ்வளவுதானே?"

குரு இப்போதுதான் சீடரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம் சார்?"

"நாப்பத்திமூணு."

ஜெமீலா எழுந்து போனார். அருளானந்தம் முன்பு திருப்பிக் கொடுத்த மூன்று புத்தகங்களையும் அலமாரியிலிருந்து எடுத்துவந்து, நான்காவதின் மேல் அடுக்கினார்.

"முப்பத்திமூணாம் பக்கத்தைத் திறங்க."

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்ற?"

"திறங்க சார்."

திறந்தார். பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலில் ஒரு சின்னக் கோடு. அடுத்ததிலும் கோடு. அதற்கடுத்ததிலும். நான்காவதிலும்.

"யாரோ கிறுக்கியிருக்கான்."

"எங்க மெம்பர்ங்க எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. படிச்சதையே மறுபடி எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு ஆளுக்கொரு பக்கத்துல அடையாளம் போடுவாங்க. பேங்க் மேனேஜர் அம்பத்தஞ்சாம் பக்கத்துல டிக் போடுவாரு. பல் டாக்டரம்மா பதினோராம் பக்கத்தை மடிச்சு வைப்பாங்க. திட்டிப் பார்த்தேன், திருந்தல. உங்க வீட்டு நம்பர் என்ன?"

"முப்பத்திமூணு."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"சலேத்து போட்டதா?"

"டீச்சர் போட்டதுதான். அவங்க உங்களுக்குக் கொண்டுவந்து குடுத்த புத்தகத்துல கோடு இருந்துச்சா?"

யோசித்தார். "கோடு இல்ல. அந்த இடத்துல ஒரு புள்ளி இருக்கும். எல்லாத்துலயும் இருக்கும். ஈ எச்சம்னு நெனச்சேன்."

"முப்பத்தாறு வருஷம் சிக்னல் பார்த்தவரு!"

சீடர் பென்சில் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"புதன்கிழமை சர்ச்சுல நவநாள் ஜெபத்துக்குப் போயிட்டு நேரா இங்கதான் வருவாங்க. வாரம் ஒண்ணு எடுப்பாங்க. நல்லா இல்லேன்னா கோடு, உங்களுக்குன்னா புள்ளி. மூணு கோடு விழுந்தாத்தான் ஒரு புள்ளி விழும். சில மாசம் நாலுமே கோடு. அப்ப மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நடுவுல ஒரு நாள் வந்து நிப்பாங்க."

"அவ எப்ப படிச்சா? நான் பார்த்ததே இல்லியே!"

"மத்தியானம் நீங்க என்ன செய்வீங்க?"

"சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் தூங்…"

நான்கு புத்தகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்த நாலும்?"

"அவங்க கஷ்டப்பட்டுக் கடைசி வரைக்கும் படிச்சு, வேண்டாம்னு கழிச்சுக் கட்டினது. அதையே நீங்க இந்த வெயில்ல நடந்து வந்து எடுத்துட்டுப் போய் உரக்க வாசிச்சுக் காட்டறீங்க. பாவம், அவங்க வேற என்ன சொல்லுவாங்க?"

அருளானந்தம் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு மாறிப்போனது. கைக்குட்டையைத் தேடினார். இதை நான் மறைக்கப் போவதில்லை, அழுதார்.

ஜெமீலா மறுபடியும் உறை போட ஆரம்பித்தார். ஒரே உறையின் ஒரே ஓரத்தை மூன்று முறை மடித்தார்.

சீடர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அவ படிக்காதது ஏதாவது இருக்கா?"

"ஜன்னல் பக்கம் மேல் தட்டுல. பிப்ரவரிக்கு அப்புறம் வந்தது. ஒன்பது இருக்கு."

சீடர் போய்ப் பார்த்தார். பனி, வீடு, ஒற்றை விளக்கு.

"இதுல எது நல்லது?"

"தெரியாது."

"நீ படிக்கலையா?"

"எனக்குப் பனின்னாலே ஆகாது சார்."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?" பழைய கோபம் எட்டிப் பார்த்தது.

குரு கத்தரிக்கோலை எடுத்து அடுத்த உறையை வெட்டினார்.

சீடர் தட்டின் முன்னால் நின்றார். ஒரு புத்தகத்தை உருவினார். அட்டையைப் பார்க்கவில்லை. பின்னட்டையைத் திருப்பவில்லை. முப்பத்திமூன்றாம் பக்கத்தைத் திறந்தார். எண்ணுக்குக் கீழே சுத்தமாக இருந்தது.

"இப்பல்லாம் மத்தியானத்துல அவதான் தூங்கறா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

இன்னும் மூன்று புத்தகங்களை உருவி, நான்கையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரு பென்சில் இருந்தா குடேன்."