வாயை மூடிய வரவேற்பு

இலுப்பைக்காட்டில் அந்தக் கோடையில் ஏரி வற்றிப்போய், நடுவில் ஒரு சேற்றுக்குட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் வயிற்றைக் கலக்கியது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்து மலையில் இருந்த மடுவுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அது புலியின் மடு. புலி சம்மதிக்காமல் அங்கே ஒரு முயல்கூட நாக்கை நனைக்க முடியாது.

"நானே நேர்ல வந்து உங்களப் பாக்குறேன். பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று புலி சொல்லியனுப்பியது.

காடே பரபரத்தது. வரவேற்பு ஏற்பாடுகளை நரி எடுத்துக்கொண்டது. யாரும் கொடுக்கவில்லை. அதுவாகவே எடுத்துக்கொண்டது.

"விழா நாளைக்கு உச்சிவேளையில!" என்று அறிவித்தது நரி.

"இந்த வெயில்லயா? வெயில் தாழ வெச்சுக்கலாமே, நரியண்ணே!" என்றது யானை.

"பெரிய இடத்து விருந்தாளிய இருட்டுலயா வரவேற்பாங்க? வெளிச்சத்துல நின்னாத்தான் நம்ம ஒழுக்கம் கண்ணுக்குத் தெரியும்!"

பிறகு ஒவ்வொருவராகப் பார்த்துக் குறை சொல்லத் தொடங்கியது. அதில் நரிக்கு இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் இல்லை.

"எருமையக்கா! இது என்ன கோலம்? உடம்பெல்லாம் சேறு!"

"சேறு பூசிக்கிட்டாத்தான் வெயில் உறைக்காது, அண்ணே."

"நாளைக்கு ஒரு பொட்டுச் சேறு இருக்கக் கூடாது! யானையக்கா, நீங்க காதை ஆட்டக் கூடாது. பேசுறவங்கள ஈ ஓட்டுற மாதிரி இருக்கு. செந்நாய்த் தம்பி, நாக்கை உள்ள போடு! விருந்தாளியத் தின்னப் பாக்குறியோன்னு நெனப்பாரு!"

"நாக்கத் தொங்கப் போட்டு எளைச்சாத்தானேண்ணே எனக்குச் சூடு தணியும்?" என்றது செந்நாய் பரிதாபமாக.

"ஒரு நாள் தணியாட்டி ஒண்ணும் ஆகாது! வாயை மூடு!"

கடைசியாக நாரை நின்றது. வெயில் ஏறினால் நாரைகள் தங்கள் கால்மேலேயே எச்சமிட்டுக்கொள்ளும். அந்த ஈரம் காயக் காய உடம்பு குளிரும். நாரைக் குலத்துக்கே அது வழக்கம். அதில் அவற்றுக்கு வெட்கமும் இல்லை.

நரி கண்ணை மூடிக்கொண்டது. "உன்னைப் பத்தி நான் வாயால சொல்ல மாட்டேன். நாளைக்கு மட்டும் அடக்கிக்கோ!"

மறுநாள் உச்சிவேளை. ஏரிக்கரைப் பொட்டலில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஏரி வற்றும் முன் எடுத்துவைத்த கடைசி நல்ல தண்ணீர், புலிக்கென்று ஒரு சுரைக்குடுக்கையில் பாறையடியில் இருந்தது. தரை தகித்தது. எருமையின் கறுப்புத் தோல் பொரிந்தது. யானையின் காதுகள் இரண்டும் ஆடாமல் தொங்கின. செந்நாய் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. நாரை வேறு எதையோ கடித்துக்கொண்டு நிற்பதுபோல் நின்றது.

புலி வந்தது. வாய் இறுக மூடியிருந்தது. முகம் கடுகடுவென்று இருந்தது. போச்சு, மடு போச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நரி பாறைமேல் ஏறி வரவேற்புரையைத் தொடங்கியது.

"மலைக்கு அரசே! மடுவுக்கு உடையவரே! எங்கள் காட்டின் ஒழுக்கத்தைக் காண வந்த ஒப்பற்றவரே!"

பேச்சு நீண்டது. நீண்டுகொண்டே போனது. அத்தனை பேரும் வாடி வதங்க, நரி மட்டும் தெம்பாக இருந்தது. ஏன் தெரியுமா? பேசுகிறவன் வாயைத் திறக்கலாம் அல்லவா! ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நரி நாக்கை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டது. நிறுத்தினால் வாயை மூட வேண்டும். அதனால் நிறுத்தவே இல்லை.

அப்போது செந்நாய் தள்ளாடியது. கண் சொருகியது.

"அம்மா... மழை பெய்யுதா?" என்று கேட்டுவிட்டுப் பொத்தென்று விழுந்தது.

யானை செந்நாயையும் புலியையும் மாறி மாறிப் பார்த்தது. வரிசையைக் கலைத்தால் புலி கோபிக்கும், மடு கிடைக்காது. கலைக்காவிட்டால் செந்நாய் பிழைக்காது.

"மடு போனாப் போகட்டும்!" என்று கத்தியது யானை. செந்நாயைத் துதிக்கையில் தூக்கிக்கொண்டு இலுப்பை மர நிழலுக்கு ஓடியது. "எருமையக்கா, ஈரம்!"

எருமை குட்டைக்குள் பாய்ந்து புரண்டு, சொட்டச் சொட்ட வந்து செந்நாயின்மேல் உடம்பை உதறியது. யானை தன் இரண்டு காதுகளாலும் விடாமல் விசிறியது.

"வரிசை! வரிசை!" என்று அலறியது நரி. "யாரும் அசையாதீங்க!"

இந்தக் குழப்பத்தில் நாரையின் கட்டுப்பாடும் குலைந்தது. சர்ரென்று ஒரு சத்தம். நாரையின் இரண்டு கால்களும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன.

எல்லோரும் புலியைப் பார்த்தார்கள். புலி நாரையின் கால்களைப் பார்த்தது.

"அப்பாடா!" என்றது புலி. நாக்கு வெளியே வந்து விழுந்தது. "இனிமே நானும் எளைக்கலாம்ல? 'வாயை மூடிக்கிட்டு வாங்க, இங்க மரியாதை முக்கியம்'னு உங்க நரி சொல்லியனுப்புச்சு. வழியிலயே செத்திருப்பேன்!"

சொல்லிக்கொண்டே புலி திரும்பி, பின்பக்கமாக நடந்து போய்ச் சேற்றுக்குட்டையில் உட்கார்ந்தது. முகம் நனையாமல் தண்ணீரில் இறங்குவது புலிகளுக்குப் பழக்கம். உட்கார்ந்ததும் அதன் முகத்தில் இருந்த கடுகடுப்பு கரைந்து போனது.

"எனக்குன்னு சுரைக்குடுக்கையில நல்ல தண்ணி வெச்சிருக்கீங்களே, அதைச் செந்நாய்க்குக் குடுங்க!"

செந்நாய்க்கு நினைவு வந்திருந்தது. ஆவலாகக் குடுக்கையில் முகத்தைப் புதைத்தது.

"மடக்கு மடக்குன்னு குடிக்காத! கொஞ்சம் கொஞ்சமா நக்கு!" என்று யானை அதட்டியது. அதன் கண்ணில் நீர் நின்றது.

புலி எல்லோரையும் கூப்பிட்டது. "மழை வர்ற வரைக்கும் மடு உங்களுக்கும்தான். உங்க ஒழுக்கத்துக்காகக் குடுக்கல. ஒருத்தன் விழுந்ததும் மடு போனாலும் பரவால்லன்னு ஓடினாங்களே, அதுக்காகக் குடுக்குறேன். காலைலயும் சாயங்காலமும் வாங்க. உச்சிவெயில்ல யாரும் வரக் கூடாது. நரியும் வரலாம். பேச மட்டும் வரக் கூடாது!"

காடே ஆர்ப்பரித்தது. நன்றியுரை ஆற்ற நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாறைமேல் ஏறியது. எருமை வாலைச் சேற்றில் தோய்த்து, நரியின் முதுகில் பளீரென்று ஒரு வீச்சு வீசியது.

"எப்படி இருக்கு, நரியண்ணே?"

நரி முறைத்தது. பிறகு மெல்லக் கண்ணை மூடிக்கொண்டது.

"குளுகுளுன்னு இருக்கு" என்றது, வாழ்நாளில் முதல் தடவையாகச் சுருக்கமாக.

கோடையில் உடம்பு நிழலும் நீரும் காற்றும் கேட்டால், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காமல் முதலில் அதைக் கொடுத்துவிட வேண்டும்.