ஹர்கேஷைக் கொடுத்து எழில்வளவனை வாங்கிய கதை

“மேடம், பதினோரு பேரம் கேட்டாச்சு. பதினொண்ணையும் தள்ளிட்டானுவ. கோளாறு என் மூஞ்சியிலயா?”

கேட்டவர் டைம் கீப்பர் தாணுமாலயன். வயது ஐம்பத்து நான்கு.

ஆஷ்லின் நிமிரவில்லை. குமரி மாவட்டத்து பஸ் டிப்போ ஒன்றின் டயர் பிரிவுக்கு அவள்தான் பொறியாளர். வயது இருபத்தொன்பது. ஒரு டயரின் பள்ளத்துக்குள் அளவுகோலைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, அந்த மூலையில ஒரு டயர் கிடக்கு. உருட்டிட்டு வாங்க.”

பழைய கதைகளில் சீடன் பன்னிரண்டு வருடம் விறகு வெட்டுவான். இங்கே ஒரே ஒரு டயர். தன் அதிர்ஷ்டம் தெரியாமல் முனகிக்கொண்டே போனார் தாணுமாலயன்.

பஸ் டயர் கனமானது. அவர் உருட்டி வருவதற்குள் நாம் விஷயத்தைப் பேசிவிடலாம்.

அந்த டிப்போவில் பத்துப் பேர் கூடிக் கபடிக்கு ஒரு கற்பனை லீக் நடத்தினார்கள். ஆளுக்கொரு கற்பனை அணி. சீசன் தொடக்கத்தில், நிஜமான ஆட்டக்காரர்களை முறைவைத்து ஆளுக்கு எட்டுப் பேராகப் பிரித்துக்கொள்வார்கள். டிவியில் அவர்கள் எடுக்கும் புள்ளி இங்கே கேன்டீன் கரும்பலகையில் ஏறும். வாரத்துக்கு மூன்று ரெய்டர், நான்கு டிஃபெண்டர், இந்த ஏழு பேரின் புள்ளிதான் செல்லும். மிஞ்சியவன் சும்மா இருப்பான்.

ரெய்டர் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவன். டிஃபெண்டர் அவனைப் பிடிக்கிறவன். இதற்கு மேல் கபடி தெரிய வேண்டியதில்லை.

சீசன் நடுவே ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். அதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னும் அறிவிக்க வேண்டும். அநியாயம் என்று மூன்று கை உயர்ந்தால் மாற்றம் செல்லாது. இந்த வருடம் மாற்றத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்று புதன்.

இன்னொரு விதியும் உண்டு. மூன்று வருடம் தொடர்ந்து கடைசியில் வந்தவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். லீக்கில் இல்லாதவருக்கு, லீக் ஆட்கள் கூடிச் சாப்பிடும் கேன்டீன் நீள மேஜையிலும் இடம் இல்லை. கிளை மேலாளர் ஒரு வருடமாக அந்த மேஜையில் ஓர் இடத்துக்குக் காத்திருக்கிறார். பலகையில் பத்துக் கட்டம்தான்.

தாணுமாலயன் இரண்டு வருடம் கடைசி. இந்த வருடமும் இன்றைய தேதிக்குக் கடைசி. இன்னும் மூன்று வாரமே பாக்கி. போனால், பணி ஓய்வு வரை டைம் கீப்பர் அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட வேண்டும்.

அந்த விதியை எழுதியவரும் தாணுமாலயன்தான். அப்போது வேறொருவரை மனதில் வைத்து எழுதினார்.

டயர் வந்து சேர்ந்தது. பின்னால் அவரும் வந்தார்.

“இது நல்ல டயரா அண்ணாச்சி?”

தாணுமாலயன் குனிந்து பார்த்தார். “ரீட்ரெட் பண்ணினது. பழசு மேல புது ரப்பர் ஒட்டுனது.”

“அது தெரியும். நல்லதா?”

“முன்னால மாட்டுனா ஆளைக் கொன்னுரும்.”

“பின்னால?”

“பின்னால ராஜா மாதிரி ஓடும்.”

“அப்ப நல்ல டயரா, கெட்ட டயரா?”

“எந்த வண்டி, எந்தச் சக்கரம்னு தெரியாம அதை எப்பிடிச் சொல்ல முடியும் பிள்ளே?”

ஆஷ்லின் அடுத்த டயருக்குப் போய்விட்டாள்.

தாணுமாலயன் அந்த டயரை மூலைக்கே உருட்டிவிட்டார். பிறகு கேன்டீனுக்கு நடந்தார்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் பத்து அணிகளின் பட்டியலும் ஒட்டியிருந்தது. எந்த ஊர் வண்டி எத்தனை மணிக்கு வரும், எத்தனை நிமிடம் தாமதம் என்று முப்பது வருடமாக மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர். ஆனால் அந்தச் சுவரில் தன் பட்டியலைத் தவிர வேறொன்றை அன்றுவரை வாசித்ததில்லை.

அவரிடம் ஐந்து ரெய்டர்கள், மூன்று டிஃபெண்டர்கள். டிவியில் ரெய்டர்தானே பளபளப்பாகத் தெரிகிறான்! ஐவரில் பல்பீருக்குக் கணுக்கால் வீங்கி ஒரு மாதம் ஆகிறது. பதினோரு பேரத்திலும் தாணுமாலயன் கொடுக்க முன்வந்த ஆள் பல்பீர். கேட்டது, எதிரில் இருப்பவரின் ஆகச் சிறந்த டிஃபெண்டரை.

ஒவ்வொரு பட்டியலாகப் படித்தார். டிரைவர் சூசை மிக்கேலின் பட்டியலில் விரல் நின்றது.

ஓடி வந்தார்.

“மேடம்! சூசைகிட்ட ரெண்டே ரெய்டர். மூணாமத்த இடம் காலி. ஆறு டிஃபெண்டர் வச்சிருக்கான், ரெண்டு பேரு சும்மா இருக்கானுவ. தவிச்சுப்போய்க் கிடக்கான், பாவம்!”

“சரி.”

“தவிச்ச நேரம் பாத்து அமுக்கணும். பல்பீரைத் தலையில கட்டிட்டு ரெண்டு டிஃபெண்டரையும் உருவிரலாம்லா?”

ஆஷ்லின் எழுந்தாள். அவரைப் பதினான்காம் நம்பர் வண்டியின் பின்பக்கம் கூட்டிப் போனாள். இரட்டைச் சக்கரம் மாட்டும் இடம் காலியாகக் கிடந்தது. தரையில் இரண்டு டயர்கள். ஒன்று புத்தம் புதியது. மற்றது தேய்ந்து, இரண்டு விரல் குட்டையாகிப்போனது.

“இதை ரெண்டையும் ஜோடியா மாட்டச் சொல்லட்டா?”

“ஐயோ! வேண்டாம்.”

“ஏன்?”

“பெரிசுதான் மொத்தப் பாரத்தையும் தாங்கும். சூடேறி வெடிக்கும்.”

“சின்னதுக்கு நல்லதுதானே? சொகமா சுத்திக்கிட்டு வரும்.”

“எவ்வளவு தூரத்துக்கு? வண்டி நடு ரோட்டுல நின்னுரும்லா?”

“வண்டியில யாரு இருப்பா?”

“நான்தான் இருப்பேன். சாயங்காலம் இதுலதான வீட்டுக்குப் போறேன்.”

சொல்லிவிட்டு அந்த இரண்டு டயரையும் மறுபடி பார்த்தார்.

ஆஷ்லின் தேய்ந்த டயரைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். அது உருண்டு போய்ச் சுவரில் சாய்ந்தது.

வியாழக்கிழமை சூசை மிக்கேல் டியூட்டி முடித்து இறங்கும்போது, படிக்கட்டுக்குக் கீழே தாணுமாலயன் நின்றார்.

“ஓய், பல்பீரைத் தள்ளிவிட வந்தீராக்கும்? நகரும்.”

“பல்பீர் உமக்கு வேண்டாம் வே. கணுக்கால் போச்சு. இந்த சீசன் இனி எந்திரிக்க மாட்டான்.”

சூசை மிக்கேல் படியிலேயே நின்றுவிட்டார். “உமக்குக் காய்ச்சலா?”

“உம்மகிட்ட மூணாவது ரெய்டர் இல்ல. என்கிட்ட ஹர்கேஷ் சும்மா இருக்கான். வாரம் எட்டு, ஒம்பது புள்ளி எடுக்கான், என் பேர்ல ஒண்ணும் ஏறல. உம்மகிட்ட எழில்வளவன் சும்மா இருக்கான். அவனும் அதே எட்டு, ஒம்பதுதான். எனக்கு நாலாவது டிஃபெண்டர் இல்ல.”

“இதுல சூது எங்க இருக்கு?”

“நீரே தேடிப் பாரும். நேரம் இருக்கு.”

சூசை மிக்கேல் இரவெல்லாம் தேடியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கண் சிவந்து வந்தார். கையை நீட்டினார்.

மதியம் நீள மேஜையில் அறிவித்தார்கள்.

“அநியாயம்!” முதல் கை வெல்டர் முகைதீனுடையது. அவர் கடைசிக்கு முந்தின இடம். “எனக்குப் பின்னால இருந்தது இந்த ஒரு மனுசன். இவரும் முந்திட்டா நான் எங்க போவேன்?”

“அதுக்குப் பேரு அநியாயம் இல்ல முகைதீனு, பயம்” என்றார் சூசை மிக்கேல்.

இரண்டாவது கை ஸ்டோர் கீப்பருடையது. முகைதீனின் மச்சினர், வேறு காரணம் தேவையில்லை.

எல்லோரும் ஆஷ்லினைப் பார்த்தார்கள். பலகையில் அவள்தான் முதல் இடம். மூன்றாம் இடத்தில் இருந்த சூசை மிக்கேலுக்கும் அவளுக்கும் இடையே இருபத்தொரு புள்ளி. மூன்று வாரத்துக்கு ஹர்கேஷ் அவரிடம் போனால் என்ன ஆகும் என்பதை, டயர் தேய்மானத்தை மில்லிமீட்டரில் அளப்பவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தாணுமாலயன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“மேடம், ரெண்டு கை ஆச்சு. உங்க கை?” என்றார் முகைதீன்.

அவள் சாளை மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிடுது” என்றாள்.

முதல் வாரம் எழில்வளவன் பதினொரு புள்ளி எடுத்தான். ஹர்கேஷ் பத்து.

இரண்டாம் வாரம் தாணுமாலயன் முகைதீனைத் தாண்டினார். தாண்டிய அன்று பலகையை இரண்டு முறை துடைத்து, தன் பெயரைத் தானே எழுதினார்.

மூன்றாம் வாரத்தின் கடைசி ஆட்டம். கடைசி ரெய்டு. எதிராளி கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் பாய்ந்தான். எழில்வளவன் அவன் முழங்காலைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. தாணுமாலயன் வீட்டில் நாற்காலி ஒன்று உடைந்தது.

திங்கள்கிழமை மதியம் கிளை மேலாளர் டிபன் கேரியரோடு கேன்டீனுக்குள் வந்தார். நீள மேஜையில் இடம் காலியாகும் என்று உறுதியாக நம்பியிருந்தார். பலகையைப் பார்த்தார்.

சூசை மிக்கேல் முதல் இடம். தாணுமாலயன் எட்டாம் இடம். பத்தாவது கட்டத்தில் முகைதீன். அவருக்கு இது முதல் வருடம்தான்.

தாணுமாலயன் மேஜையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் சூசை மிக்கேல் தன் பங்கு மீனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஹர்கேஷ் விஷயம்தானே இவ்வளவுக்கும் காரணம்?” மேலாளர் நின்றபடியே கேட்டார். “உண்மையச் சொல்லுங்க. அதுல லாபம் யாருக்கு?”

இரண்டு கை உயர்ந்தன. ஒரே நேரத்தில்.

“எனக்கு சார்” என்றார் தாணுமாலயன்.

“சும்மா இரும் ஓய். எனக்கு சார்” என்றார் சூசை மிக்கேல்.

மேலாளர் குழம்பிப்போனார். டிபன் கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“ரெண்டு பேருக்கும் லாபம்னா, நட்டப்பட்டது யாரு?”

தாணுமாலயன் மெல்லத் திரும்பிப் பலகையைப் பார்த்தார். இரண்டாவது கட்டத்தைப் பார்த்தார்.

மேஜையின் கடைசியில், டயர்க் கரி படிந்த ஒரு கை உயர்ந்தது. ஆஷ்லின் சிரித்துக்கொண்டிருந்தாள்.