இடது கட்டைவிரல்

முன்னொரு காலத்தில், குற்றவாளியை யானைக் காலில் இடறும் வழக்கமிருந்த நாட்டில், ஒரு ராஜா இருந்தார். யானையைச் சபா மண்டபத்தின் வாசலிலேயே கட்டியிருந்தார்கள். அதன் சங்கிலி அசையும்போதெல்லாம் உள்ளே பேசுகிறவரின் குரல் தாழும்.

ஒருநாள் ராஜா கனவு கண்டார். இறந்துபோன தாய் சபைக்குள் வந்தாள். ஒன்பது அதிகாரிகளின் ஒன்பது ஆசனங்களையும் சுற்றிப் பார்த்தாள். "இத்தனை பேரில் என்னைப் போல் ஒருத்திகூட இல்லையா?" என்று கேட்டாள். ராஜா விழித்தபோது படுக்கை வியர்வையில் நனைந்திருந்தது.

காலையில் சபையில் சொன்னார்: "ஏரி அதிகாரி இறந்துவிட்டார். அவருடைய ஆசனத்தில் அமாவாசைக்குள் ஒரு பெண் அமர வேண்டும்."

யாரும் அசையவில்லை. விகடன் சாத்தப்பன் மட்டும் தும்மினான். பயந்தால் அவனுக்குத் தும்மல் வரும்.

ராஜா திரும்பினார். "சாத்தப்பா, நீயே கொண்டு வா. தவறினால் வாசலில் யானை இருக்கிறது."

அமாவாசையன்று அவன் செங்கமலத்தை அழைத்து வந்தான். இறந்த ஏரி அதிகாரியின் மனைவி. தலை குனியாமல் நடந்தாள். முந்தானையைப் பிடித்திருந்த கை மட்டும் நடுங்கியது.

பிரதானி விருத்தகிரி எழுந்தார். அதிகாரிகளில் மூத்தவர். சாத்தப்பனைப் பல வருடங்களாக வெறுத்தவர்.

"மகாராஜா, பெண் அமரட்டும். ஆனால் ஒரு விதி வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் அரசாணை எழுதிய கைக்கே ஆசனம். அந்தத் தகுதி இல்லாமல் அமர வந்தாலும், அழைத்து வந்தாலும், யானைக் கால்."

"நல்ல விதி. அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பிரதானி செங்கமலத்திடம் கனிவாகக் கேட்டார். "சொல்லுங்கள் அம்மணி. நீங்கள் அரசாணை எழுதியதுண்டா?"

சபைக்கு அந்தக் கனிவு புரிந்தது. அந்த நாட்டில் பழைய சட்டம் ஒன்று இருந்தது. ரகசியம் வெளியே போகாமலிருக்க, ஆணையை அதிகாரி தன் கையாலேயே எழுத வேண்டும். வேறு கை எழுதினால் அதற்கும் யானைதான்.

சாத்தப்பன் குறுக்கே விழுந்தான். "மகாராஜா, அம்மாள் பயந்திருக்கிறார். ஒரு நாழிகை அவகாசம் வேண்டும்."

ராஜா கொடுத்தார்.

இருவரும் வெளியே வந்தார்கள். நிழல் வாசலில்தான் இருந்தது. பத்தடி தள்ளி யானை கரும்பு தின்றுகொண்டிருந்தது.

"எழுதினேன்னு சொன்னா வேற கை எழுதின குத்தம். எழுதலைன்னா தகுதி இல்ல" என்றாள் செங்கமலம். "ரெண்டுக்கும் அதோ நிக்குது. இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"உங்களைத் தனியா அனுப்ப மாட்டேம்மா. நானும்தான் வர்றேன்."

"நல்ல துணை."

"நெசமா எழுதினீங்களா?"

"பதினாலு வருஷம். மொதல்ல அவர் சொன்னதை எழுதினேன். அப்புறம் அவர் சொல்லாததையும் எழுதினேன். பெருமழை வந்த வருஷம் மதகைத் திறக்கச் சொன்னது நான்தான். அவர் தூங்கிட்டிருந்தார்."

சாத்தப்பன் அவள் இடது கையைப் பார்த்தான். ஓலை எழுதுகிறவர்கள் இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து அதில் ஒரு பள்ளம் வெட்டிக்கொள்வார்கள். எழுத்தாணி நழுவாமல் அதில் தங்கி நகரும். செங்கமலத்தின் நகத்தில் அந்தப் பள்ளம் ஆழமாக இருந்தது.

அவன் அதை வேறு கைகளிலும் பார்த்திருந்தான். விகடன் எல்லா அதிகாரிகள் வீட்டு விருந்துக்கும் போகிறவன். பரிமாறும் பெண்கள் பாத்திரத்தை இடது கையில்தான் பிடிப்பார்கள். விளிம்பின் மேல் கட்டைவிரல் இருக்கும்.

மூன்று முறை தும்மினான்.

"பயமா?" என்றாள்.

"ரொம்ப. வாங்க, உள்ளே போவோம்."

சபையில் சாத்தப்பன் கைகூப்பினான். "மகாராஜா, பிரதானியாரின் விதி இந்த ஓர் ஆசனத்துக்கா, எல்லா ஆசனங்களுக்குமா?"

"விதி எல்லோருக்கும்தான்."

"அப்படியானால் அமர்ந்திருப்பவர்கள் முதலில் இடது கட்டைவிரலைக் காட்டட்டும். பன்னிரண்டு ஆண்டு எழுதிய நகம் பொய் சொல்லாது."

மூன்று அதிகாரிகள் உடனே கை நீட்டினார்கள். மூன்று நகங்களிலும் பள்ளம் இருந்தது. மற்ற ஐந்து கைகளும் சால்வைக்குள் போயின.

"எனக்கு விரலில் காயம்" என்றார் பிரதானி.

"எந்த விரலில்?"

"எல்லா விரலிலும்."

ராஜா இறங்கி வந்தார். சால்வையை விலக்கினார். கட்டைவிரல் நகம் வழுவழுப்பாக, எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது.

"உம்முடைய ஆணைகளை எழுதியது யார்?"

வெளியே சங்கிலி அசைந்தது. பிரதானி மண்டியிட்டார். "என் மனைவி, மகாராஜா. வீட்டுக்குள் எழுதினால் ரகசியம் வெளியே போனதாகாது. மனைவியின் கை கணவன் கைதான். அது குற்றமாகாது!"

"ஆகாது, ஆகாது" என்றார்கள் மற்ற நால்வரும்.

"பிரதானியாரே சொல்லிவிட்டார்" என்றான் சாத்தப்பன். "இனி இந்த அம்மாளும் சொல்லலாம்."

செங்கமலம் இடது கையை உயர்த்தினாள். "பதினான்கு ஆண்டுகள் எழுதினேன், மகாராஜா."

"ஆக, தகுதியுள்ள ஐந்து பேர் வீட்டில் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள்" என்றான் சாத்தப்பன். "இங்கே ஐந்து ஆசனங்களில்..."

அவன் முடிக்கவில்லை. யாரும் சொல்லாமலே ஐந்து பேரும் ஆசனங்களை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

அப்போது ராஜா தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். நகம் வழுவழுப்பாக இருந்தது. அரியணையைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் ஓர் ஆசனம்.

"சாத்தப்பா, என் விரலைப் பார்க்க மறந்துவிட்டாய்."

"மறக்கவில்லை, மகாராஜா. அதற்கு முன் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது."

முதலில் ராஜாவின் தோள்கள் குலுங்கின. பிறகுதான் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்தபடியே ஐந்து வீடுகளுக்கும் பல்லக்கு அனுப்பச் சொன்னார். பிரதானியும் நால்வரும் உயிரோடு வீடு போனார்கள்.

ராஜா தன் முத்து மாலையைக் கழற்றினார். அதைப் போட அவர் கை தன் கழுத்தருகே வந்தபோது சாத்தப்பன் தும்மினான்.

"இன்னும் என்ன வேண்டும்? கேள்."

"யானையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள், மகாராஜா."

ராஜா செங்கமலத்தைப் பார்த்தார். அவள் ஏரி அதிகாரியின் ஆசனத்தில் அமர்ந்து ஓலையை எடுத்தாள். "யானையை ஏரிக்கரையில் கட்டவும்" என்று எழுதினாள். ராஜா வாங்கிப் படித்தார்.

அவள் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எழுத்து நடுங்கவில்லை.